நிமிர்ந்தால் விழுவேன்

சர்க்கரை நோய் என் இரண்டு பாதங்களிலும் இருந்த உணர்ச்சியைத் தின்றுவிட்டது. தரையில் கால் பட்டதா இல்லையா என்பது கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். "காலோட வேலைய உங்க மூளை இப்பக் கண்ணுகிட்டக் குடுத்துருச்சுங்க. அதனாலதான் நடக்கறீங்க" என்றார் டாக்டர். கெட்டிக்கார மூளைதான். ஆனால் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம் நடத்தவேண்டியிருக்கும் என்பதை அது யோசிக்கவில்லை.

எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்காரன் வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து "வாங்க" என்று கும்பிட வேண்டும். ஒருத்தர் விட்டுப்போனாலும் தலைமுறைக்கும் பகைதான். போன மாதம் என் மகள் கல்யாணத்தில் குனிந்த தலை நிமிராமல் மண்டபம் முழுக்க நடந்தேன். மணப்பெண்கூட அவ்வளவு குனியவில்லை.

என் மனைவியின் பெரியப்பா வழிமறித்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, ஒரு வாங்க சொல்றதுக்கு உங்களுக்கு அத்தனை கஷ்டமுங்களா?"

வீம்புக்கு நிமிர்ந்து, இரண்டு கையையும் கூப்பி, "வாங்க மாமா" என்றபடி ஓர் எட்டு வைத்தேன். கண் பார்க்காத கால் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் காலடியில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தேன்.

பெரியவர் உருகிப்போனார். "அய்யோ, எந்திரிங்க மாப்பிள்ளை! இதுக்குப் போயி கால்ல உழுவாங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போனார்.

தூக்கிவிட வந்த மனைவி காதோடு சொன்னாள்: "இன்னும் நாலு பேரு கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாங்க. அப்படியே அவங்க முன்னாலயும் போயி ஒருக்கா உழுந்துபோட்டு வந்துருங்க."