யார் கையால் முடிப்பது

எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் ஒரு வசனம் எப்போதும் தயாராக இருக்கும். உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு நீராகாரம் வழங்கி இன்னார் போராட்டத்தை முடித்து வைத்தார் என்று வரும். இன்னார் என்ற இடத்தில் பெரும்பாலும் ஓர் எம்.பி. இருப்பார். எம்.பி. கிடைக்காவிட்டால் மதகுரு, அவரும் கிடைக்காவிட்டால் ஓர் அதிகாரி. பட்டினி கிடந்தவரின் பெயர் கடைசி வரியில் வரும், அல்லது வராமலே போகும். நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த இடதுசாரி வாரப் பத்திரிகையில் இந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எங்களுடைய பக்கங்களில் அது ஒருநாளும் வராது என்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பகலில் எனக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்திரிகைக்குப் போவேன். பத்திரிகை என்றால் ஒரு வீட்டின் பின்பக்க அறை, இரண்டு கணினி, கால் ஆடும் கதிரைகள் சில. அதை நடத்தியவரை எல்லோரும் தோழர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். எவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை, எவரையும் தரக்குறைவாகக் கதைத்ததில்லை. அவரைப் பற்றி இனி நான் சொல்லப்போகிற எதையும் அவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது.

என் அக்கா அச்சுவேலிக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்ற அழகான சொல்லுக்குச் சம்பளம் இல்லாதவர் என்று பொருள். நியமனம் பெற்ற ஆசிரியர்கள் அந்தப் பக்கம் வர மறுத்த காலத்தில் அக்காவைப் போன்றவர்கள்தான் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்தார்கள். வகுப்பைக் கூட்டினார்கள், பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், மூக்கு வடிந்த பிள்ளைகளுக்கு மூக்கும் துடைத்துவிட்டார்கள். பின்னேரத்தில் வீட்டில் ரியூசன் சொல்லிக்கொடுத்து அக்கா தன் செலவைப் பார்த்தாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் வீட்டுக்கு வந்தவர்கள் நிரந்தர நியமனம் தருவதாகச் சொன்னார்கள். தேர்தல்கள் வந்து போயின. அக்காவுக்கு வயதும் போனது. நியமனம் பெறுவதற்கான வயதெல்லை ஒன்று உண்டு; அதை அவள் தொட்டுக்கொண்டிருந்தபோதுதான் தொண்டர்கள் எல்லோரும் சேர்ந்து பலாலி வீதியில் கல்விக் கந்தோருக்கு முன்னால் வெயிலுக்குப் படங்கு கட்டி, நியமனம் கேட்டு அதன் நிழலில் இருந்தார்கள்.

முதலில் மாறி மாறி இருந்தார்கள். எம்.பி. ஒருநாள் வந்தார். கதிரை கொண்டுவரும்வரை நின்று, பிறகு இருந்து, இனத்தின் பெரிய பிரச்சினை தீராமல் கிடக்கும்போது சம்பளப் பிரச்சினையை இந்த அளவுக்குத் தூக்கிப் பிடித்தால் எதிரிகள்தான் சிரிப்பார்கள் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதில் ஆச்சரியம் இருக்கவில்லை. அவர்களிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை.

எதிர்பார்த்தது எங்கள் பக்கத்திடம். இரவிரவாக இருந்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். தோழர் அதை வெட்டி, உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாகப் போட்டார். கேட்டபோது, இது யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தின் அரச உத்தியோக மோகம், உழைக்கும் மக்களின் கோரிக்கையாக இதைப் பார்க்க முடியாது என்றார். அந்த வாரம் முன்பக்கம் முழுவதும் எங்கோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். அந்தத் துறைமுகத்தின் பெயரில் ஓர் எழுத்தும் பிழைத்துவிடக் கூடாது என்று புரூஃப் பார்த்தவள் நான்தான். அந்தத் தொழிலாளர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் சம்பளம் இல்லாமல் வகுப்பறை கூட்டுகிற என் அக்கா உழைக்கும் மக்களில் சேர்த்தி இல்லை என்றால் வேறு யார் சேர்த்தி என்று கேட்டேன். நான் உணர்ச்சிவசப்படுவதாகத் தோழர் சொன்னார்.

படங்குக்குக் கீழே இருந்து இருந்து ஒன்றும் நடக்காமல் போகவே, மூன்று பெண்கள் தண்ணீர் மட்டும் குடித்து உண்ணாவிரதம் இருக்க முடிவு செய்தார்கள். அக்கா அதில் ஒருத்தி. அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. நான் வேண்டாமென்றேன், அம்மா பேசியே களைத்துப்போனாள். அக்கா வருஷா வருஷம் கந்தசஷ்டி பிடிக்கிறவள், செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் ஆறு நாளும் போயிருந்து ஏழாம் நாள் பாறணை முடித்துவிட்டு வருகிறவள், தனக்கு விரதம் இருக்கத் தெரியும் என்றாள்.

பட்டினி தொடங்கியதும் எல்லோருக்கும் கண் தெரிந்தது. கமராக்கள் வந்தன. எம்.பி.யின் ஆட்கள் படங்கின் ஒரு பக்கத்தில் கதிரை போட்டார்கள். மறுபக்கத்தில் எங்கள் தோழர்கள் சிவப்புத் துணியில் எழுதிக் கட்டினார்கள். உத்தியோக மோகம் இரண்டே நாளில் மக்கள் எழுச்சியாகிவிட்டது. முன்பக்கத்தில் அக்காவின் படத்தைப் போடலாம், சோர்ந்த முகமாக ஒன்று இருந்தால் நல்லது என்று தோழர் என்னிடம் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் பாமசிக்கு லீவு சொல்லிவிட்டு, சீனி போட்ட தேத்தண்ணீர் நிறைத்த சுடுதண்ணிப் போத்தலோடு படங்குக்குப் போனேன். தேத்தண்ணீர் எனக்கும், மாறி மாறி வந்திருக்கிற மற்றவர்களுக்கும். நான் போய்க் கொஞ்ச நேரத்தில் கந்தோருக்குள் இருந்து அதிகாரி ஒருவர் வெளியே வந்தார். வயதெல்லையைத் தளர்த்தி, இவர்கள் எல்லோரையும் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். கேட்டது கிடைத்துவிட்டது. இனிக் குடிக்க வேண்டியதுதான் என்று நான் எழுந்தேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமே. எம்.பி.யின் ஆட்கள் தட்டத்தில் செவ்விளநீரைச் சீவி வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், அவர் கையால்தான் கொடுக்க வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் வயதான தொழிற்சங்கவாதி ஒருவரை வீட்டிலிருந்து கூட்டிவந்து, கையில் தோடம்பழச் சாறும் கொடுத்து இருத்தியிருந்தார்கள். பாவம், அவருக்கு எதற்கு வந்திருக்கிறார் என்றே சரியாகத் தெரியாது. தொண்டர்களின் செயலாளராக இருந்த பெண் இரண்டு பக்கமும் ஓடினாள். நாளைக்கு அந்த வாக்குறுதி நடக்க வேண்டுமென்றால் எம்.பி. வேண்டும், நடக்காவிட்டால் திரும்பவும் வந்து இருக்கத் தோழர்கள் வேண்டும். யாரைப் பகைப்பது என்று தெரியாமல், பொறுக்கச் சொன்னாள். எல்லோரும் பொறுத்தார்கள். மூன்று பெண்களும் பாயில் பசியோடு பொறுத்தார்கள்.

மத்தியானம் தாண்ட அக்காவின் கழுத்தெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது. கேட்டதற்குக் குழறினாள். பட்டினி முடியும்வரை நிறுத்தச் சொல்லி நான் சொல்லியிருந்த சீனி மாத்திரையைப் பழக்கத்தில் ஒவ்வொரு காலையும் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பாமசியில் நிற்கிற எனக்கு இதற்கு மேல் எவரும் விளக்கத் தேவையில்லை. எம்.பி.யின் செயலாளரிடம் போய், சீனி இறங்குகிறது, இப்போதே ஏதாவது குடிக்க வேண்டும் என்றேன். அவர் கைத்தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் சொன்னார்:

"கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி. ஐயா ஆனையிறவு தாண்டிட்டார், ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவார்."

தோழரிடம் போனேன். அவர் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"எம்.பி.யின்ரை கையாலை மட்டும் வாங்கிக் குடிக்க விடாதேங்கோ தோழர். பிறகு எல்லாம் அவையின்ரை கணக்கிலை போயிடும். செயலாளர் பிள்ளை எங்கடை பக்கம் ஓமெண்டு சொல்லும்வரைக்கும் அக்காவைக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கச் சொல்லுங்கோ."

நான் திரும்பி வந்து அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அக்கா கண்ணைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் இளநீர், மறுபக்கம் தோடம்பழச் சாறு.

"கேட்டது காலமையே கிடைச்சிட்டுதெல்லோ," என்றாள் மெல்ல. "இப்ப நான் ஆருக்காகப் பட்டினி கிடக்கிறன்?"

நான் போத்தலைத் திறக்கும்வரை அவள் பொறுக்கவில்லை. என் மடியிலிருந்து தானே எடுத்தாள். மூடியில் ஊற்றும்போது பாதி சேலையில் கொட்டியது. மிச்சத்தைக் குடித்தாள், திரும்பவும் ஊற்றிக் குடித்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த இருவருக்கும் அதே மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். கமராக்காரர்கள் எல்லோரும் எம்.பி.யின் வாகனத்தைப் பார்த்துக்கொண்டு றோட்டில் நின்றார்கள். அந்தப் படம் எவரிடமும் இல்லை.

அக்காவை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நாங்கள் போன பிறகு எம்.பி. வந்திருக்கிறார். சீவிய இளநீரை வீணாக்குவானேன் என்று, படங்குக்குக் கீழே சும்மா துணைக்கு இருந்த ஒரு பெண்ணின் கையில் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். காலையில் வயிறாரப் புட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்த பெண் அவள். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படமும் இருந்தது, முடித்து வைத்தார் என்ற வசனமும் இருந்தது.

அதைப் பார்த்து நான் சிரித்தேன் என்றுகூடச் சொல்லலாம். சிரிப்பு நின்றது எங்கள் பத்திரிகையின் முன்பக்கம் புரூஃபுக்கு வந்தபோதுதான். தீர்க்கமான கட்டத்தில் சிலரின் தனிநபர் பலவீனத்தால் போராட்டம் திசைமாறி, சந்தர்ப்பவாதிகளின் கையில் போய் விழுந்தது என்று எழுதியிருந்தது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. என் அக்காவின் உடம்புக்குள் இறங்கிய சீனிக்குத் தோழர் வைத்த பெயர் தனிநபர் பலவீனம். தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு என்னைச் சமாதானப்படுத்தினார்.

"நாங்கள் பேர் ஒண்டும் போடேல்லையே, தோழர்."

பென்சிலை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதன்பிறகு அந்த அறைக்குப் போகவில்லை. எம்.பி.மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் எனக்குத் தோழர்மேல் வந்தது, இன்றும் ஆறவில்லை. எம்.பி. என்னை ஒருநாளும் தோழர் என்று கூப்பிட்டதில்லை. எம்.பி.யின் கட்சி பிடிக்காமல் இடதுபக்கம் வந்தவள் நான். இங்கிருந்து போவதற்கு எனக்கு வேறு பக்கம் இல்லை. கூலி இல்லாமல் எவரும் வேலை செய்யக்கூடாது என்று அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். அதை எங்கே போய் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அதிகாரி சொன்ன நேர்முகத் தேர்வு நடக்கவில்லை. அவர் மாற்றலாகிப் போனார். அக்காவுக்கு வயதெல்லை தாண்டியது. இன்னும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள். போகாவிட்டால் இரண்டாம் வகுப்புக்கு ஆள் இல்லை.

போன மாதம் இளைய தொண்டர்கள் அதே இடத்தில் திரும்பவும் படங்கு கட்டினார்கள். மூன்று பெண்கள் பட்டினி தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, அக்கா விடிய எழும்பி வெளிக்கிட்டாள். இனி உனக்கென்ன கிடைக்கப்போகிறது என்று அம்மா குசினிக்குள் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். அக்கா தேத்தண்ணீர் ஊற்றி, வழமைக்கு மேலாகச் சீனி போட்டு, சுடுதண்ணிப் போத்தலில் நிறைத்தாள். அவள் தனக்குச் சீனி போட்டுக் குடிப்பதில்லை.

"உது ஆருக்கு அக்கா?"

"அந்தப் பிள்ளையளுக்கு. முடிக்கிற நேரம் அவை ஆரையும் பாத்துக்கொண்டு கிடக்கத் தேவையில்லை."

மூடியை இறுக்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.