சட்டைக்குள் இருந்த பொட்டலம்

திரும்பி வரும் பொதியை அவிழ்க்காமலே காரணம் சொல்லிவிடுவேன். ஒட்டுநாடாவை அளவாகக் கிழித்து மறுபடி ஒட்டியிருந்தால் அளவு சரியில்லை. திறக்கப்படவே இல்லையென்றால் கூரியர்காரர் போன நேரம் வீட்டில் கணவர் இருந்திருக்கிறார். சட்டையில் சவர்க்கார வாசம் வந்தால் யாருடைய பிறந்தநாளோ முடிந்துவிட்டது. "படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்று ஒரு வரி கூடவே வரும். இவை ஒவ்வொன்றுக்கும் சிங்களத்திலும் தமிழிலும் பதில் எழுதி வைத்திருந்தேன். பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது. கோபம் வராமல் இருப்பதற்கு அது நல்ல வழி.

தொழில்நுட்பக் கல்லூரியில் ஆடைத் தரக்கட்டுப்பாடு படித்துவிட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். வீட்டில் இரவு வேலைக்கு விடவில்லை. அதனால் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் அலுமாரியும் மேசையும் போட்டு, முகநூல் பக்கம் ஒன்றில் குழந்தைச் சட்டைகள் விற்கத் தொடங்கினேன். பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரை வைத்து விற்பவர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று யாரும் சொல்ல முடியாது. இணையத்தில் விற்ற எல்லோரும் அப்படித்தான் பெயர் வைத்தோம்.

சட்டைகளைத் தைத்தவர் முஸ்லிம்கள் அதிகம் வாழும் அக்குறணையில் இருந்தார். அங்கே அக்காவைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். முதல் நாள் நான் "அக்கா" என்றபோது அவர் மகள் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கும் தாத்தாதான். என் அம்மாவுக்கு மட்டும் இது பிடிபடவே இல்லை. "பொம்பளைய போயி தாத்தாங்குற" என்பாள். தாத்தாவின் கழுத்துப்பட்டித் தையல் குழந்தையின் தோலில் உரசாது. அதற்காகவே வாடிக்கையாளர்கள் இரண்டாம் முறை வந்தார்கள்.

பொட்டலம் என் வேலை. தொழிற்சாலையில் ஏற்றுமதிப் பெட்டிகளுக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் போடுவோம்; சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்குமே, அதேதான். உள்ளே கண்ணாடி மணி போன்ற சிறு உருண்டைகள். கண்டி மழையில், கூரியர் களஞ்சியத்தில் கிடந்து பூசணம் பிடித்துச் சில சட்டைகள் திரும்பி வந்த பிறகு, நானும் ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒன்றைப் போட்டேன். பூசணம் நின்றது. பொட்டலத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு, கண்டிப் பக்கத்தில் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் தாக்கிய அந்தக் கலவர வாரம் வந்தது. ஊரடங்கு போட்டார்கள். முகநூலையும் வட்ஸப்பையும் அரசாங்கம் தடுத்துவைத்தது. அக்குறணையில் கடைகள் உடைபட்டன என்பதைத் தொலைபேசியில்தான் கேள்விப்பட்டோம். தாத்தாவின் மருமகன் வேலை செய்த கடையின் கண்ணாடிகள் போயின. அவர்கள் வீடு பெருந்தெருவுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கைக்குள் இருந்ததால் தப்பியது. பொதிகள் எங்கள் முன்னறையில் அடுக்கியபடி கிடந்தன. அம்மா அவற்றைச் சன்னலோரத்திலிருந்து உள்ளே நகர்த்தினாள். ஏனென்று கேட்கவில்லை. அவள் சிறுமியாக மடுல்கெல்லத் தோட்டத்தில் இருந்தபோது, தமிழர்மேல் நடந்த இப்படியொரு கலவரத்தில் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தவள்.

தடை நீங்கியதும் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. என் பொதி எங்கே, ஏன் பதில் இல்லை, ஏமாற்றுக்காரி. இவை எனக்குப் பழகியவை. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போனேன். நடுவில் புதிய கேள்வி ஒன்று வரத் தொடங்கியிருந்தது: இது முஸ்லிம் கடையா? முஸ்லிம் கடைகளில் வாங்கும் உடுப்பில் சிங்களப் பெண்களை மலடாக்கும் மருந்து தடவியிருக்கிறது என்ற பேச்சு அப்போது ஊரெல்லாம் சுற்றியது. துணியில் அப்படி ஒரு மருந்தைத் தடவவே முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு நான் எழுதி வைத்த பதில் எதுவும் இல்லை. சிலருக்கு "உங்கள் பணம் திருப்பித் தரப்படும்" என்று மட்டும் எழுதினேன்.

அதன் பிறகுதான் அந்தப் படம் வந்தது. குண்டசாலைப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருவர். பிறந்த மகளுக்கு என்னிடம் ஆறு சட்டை வாங்கியவர், முன்பு நட்சத்திரமெல்லாம் போட்டு நன்றி சொன்னவர். ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் என் பொட்டலத்தை வைத்துப் படம் எடுத்திருந்தார். கீழே சிங்களத்தில் எழுதியிருந்தார்: "இது என்ன மருந்து? இந்தச் சட்டையை யார் தைத்தது, எந்த ஊர்? நாளைக்குள் சொல்லாவிட்டால் தாய்மார் குழுவில் போடுவேன்."

அந்தக் குழுவை எனக்குத் தெரியும். நானே அதில் இருந்துதான் பாதி வாடிக்கையாளர்களைப் பிடித்தேன். அதில் ஒரு படம் விழுந்தால் மாலைக்குள் யாராவது ஒருவர் என் பக்கத்தைத் தோண்டுவார், தைப்பது அக்குறணையில் என்று கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு நடப்பது குழுவுக்குள் நடக்காது.

முதலில் நீண்ட விளக்கம் ஒன்றை எழுதினேன். பொட்டலத்துக்குள் இருப்பது என்ன, அது எப்படி வேலை செய்கிறது, ஏன் ஆபத்தில்லை. வாசித்துப் பார்த்தபோது, நீளமாக இருப்பதாலேயே குற்றவாளி எழுதியதுபோல் இருந்தது. அழித்துவிட்டு, ஆறுக்கும் பணம் தருவதாக எழுதினேன். உடனே பதில் வந்தது. "பணம் வேண்டாம். யார் தைத்தது?"

தாத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எங்கட இல்லண்டு எழுதுங்க புள்ள," என்றார். குரலில் பெரிய பதற்றம் இல்லை.

"எழுதலாம் தாத்தா. அப்ப யாரு தைக்கிறாங்கன்னு கேப்பாங்க."

"நீங்க தைக்கிறண்டு செல்லுங்க."

"எனக்குத் தைக்கத் தெரியாதே."

"அது அவவுக்குத் தெரியுமா?"

"ஒரு பொத்தான தச்சுக் காட்டுன்னா மாட்டிக்குவேன் தாத்தா."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இந்த ஒழுங்கைல மெசின் சத்தம் வாறது எங்கட ஊட்ல மட்டுந்தான் புள்ள. தேடி வாற ஆளுக்குக் கஸ்டமே இல்ல. மகளும் இப்ப மாசமா ஈக்கி."

தொலைபேசியை வைத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு எழுதினேன்: பொட்டலத்தைப் போட்டது நான். உங்கள் முன்னாலேயே வெட்டிக் காட்டுகிறேன். நாளைக் காலை கண்டி டவுனில் கூரியர் அலுவலகத்துக்கு வாருங்கள். அதுவரை குழுவில் எதையும் போடாதீர்கள்.

அம்மா காலையில் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ போவாத. பார்சல்ல நம்ம வீட்டு விலாசந்தான இருக்கு?"

"திரும்பி வாறதுக்கு ஒரு விலாசம் போடணும்தானம்மா."

"ஆமா. தாத்தா வீட்டுக்குப் போற நெருப்ப இங்க அனுப்புங்கன்னு எழுதி ஒட்டியிருக்க. படிச்சவளாம்."

"தாத்தா வீட்டுல மாசமா ஒரு புள்ள இருக்கு."

"இங்க இருக்கிறவ புள்ள இல்லியா?" என்றாள். ஆனால் வழிவிட்டாள். குடையையும் எடுத்துக் கொடுத்தாள்.

சந்திகளில் இராணுவம் நின்றது. அதைத் தவிர டவுன் வழமைபோல் இருந்தது. பஸ்கள் ஓடின, பேக்கரியில் வரிசை நின்றது. கூரியர் அலுவலகத்தில் கதிரைகள் போட்டிருந்த மூலையில் அவர் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தூங்கிப் பல நாளான முகம். மடியில் குழந்தை. பக்கத்தில் ஒரு பைக்குள் சட்டைகள்.

"நங்கி, நீ முஸ்லிமா?" என்று கேட்டார். தங்கை என்று கூப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"இல்லை அக்கே. தமிழ்."

"உங்களுக்குள் என்ன வித்தியாசம்? பேசுவது ஒன்றுதானே."

அதில் விஷம் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். பையிலிருந்து கத்தரிக்கோலையும் ஒரு தட்டையும் எடுத்தேன். பொட்டலத்தின் ஓரத்தை வெட்டி உருண்டைகளைத் தட்டில் கொட்டினேன். இது ஈரத்தை இழுக்கும், பாருங்கள், என்று போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தேன்.

உருண்டைகள் படபடவென்று வெடித்தன. தண்ணீரை வேகமாகக் குடித்தால் அவை அப்படித்தான் வெடிக்கும். எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் பயந்துபோன ஒருவரின் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்கவில்லை. அவர் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். முகப்பில் இருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெடிக்கிறதே!"

"தண்ணீர் குடிக்கிறது அக்கே. சப்பாத்துப் பெட்டியில் பார்த்ததில்லையா? மாத்திரைப் போத்தலில்?"

அவர் நின்றபடியே தட்டைப் பார்த்தார். வெடிப்பது நின்றது. "சப்பாத்துப் பெட்டியில் இருக்கும்," என்றார், மெதுவாக. "நாங்கள் எறிந்துவிடுவோம்."

"இதையும் எறியலாம்."

உட்கார்ந்தார். பிறகு அவர் பேசியதெல்லாம் தன் மாமியாரைப் பற்றி. பொட்டலத்தை முதலில் கண்டவர் மாமியார். அன்றிலிருந்து குழந்தைக்குச் சளி பிடித்தாலும், பால் கக்கினாலும், சட்டைதான் காரணம். "இனி நான் போய் அவருக்கு என்ன சொல்ல?"

"மழைக்காகப் போட்டது என்று சொல்லுங்கள்."

"மழை என்றால் நம்புவார்," என்றார். குழந்தையை மடியில் சரிசெய்துகொண்டு, "ஆனால் தைத்தது யார்?"

பஸ்ஸில் வரும்போது பல பதில்களை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு பொய், பாதிப் பொய் ஒன்று, சுற்றி வளைத்த உண்மை ஒன்று. வாயில் வந்தது இவற்றில் எதுவுமில்லை.

"அதைச் சொல்ல மாட்டேன் அக்கே. இந்த வாரத்தில் யாருடைய பெயரையும் யாரிடமும் சொல்ல மாட்டேன். சட்டையில் பிழை என்றால் என்னிடம் வாருங்கள். என் விலாசம் பொதியில் இருக்கிறது."

அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினார். அப்போதுதான் கவனித்தேன்: குழந்தை போட்டிருந்தது தாத்தா தைத்த சட்டை. நான் பார்ப்பதைக் கண்டு அவர் முகம் சிவந்தது.

"இந்த மழையில் வேறு எதுவும் காயவில்லை," என்றார். "கழுவி அனுப்பட்டுமா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

மற்ற ஐந்தையும் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். அவர் தொலைபேசியை எடுத்து, என் கண் முன்னாலேயே படத்தை அழித்தார். பிறகு, சொல்லவேண்டும் என்று தோன்றியதுபோல், "மாமியாரின் தங்கைக்கு மட்டும் முன்பே அனுப்பிவிட்டேன்," என்றார். "உன் பக்கத்தின் பெயரைப் போடவில்லை."

மாலையில் தாத்தாவுக்குத் தொலைபேசி எடுத்து, அவர் பெயர் வெளியே போகவில்லை என்று சொன்னேன். "அல்லாஹ்ட காவல்," என்றார். ஐந்து சட்டையையும் கேட்டார். ஒருமுறை வெளியே போய் வந்த குழந்தைச் சட்டையை நான் திரும்ப விற்பதில்லை. அது என் விதி. "மகள்ட புள்ளைக்கு ஆகுமே," என்றார். கொடுத்துவிட்டேன். புதிய பொதிகளுக்குப் பொட்டலம் போடுவதை நிறுத்தினேன். திரும்பி வந்தவற்றில் மறுபடி பூசணம் இருந்தது. அவற்றுக்கு எழுதி வைத்த பழைய பதிலை அனுப்பினேன்.

சில வாரங்கள் கழித்து, காலையில் தாத்தாவிடமிருந்து வட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அதே வெள்ளைச் சட்டை, அதே பொட்டலம். கீழே எழுதியிருந்தது தமிழில். நமது பிள்ளைகளை நோயாளியாக்க இணையத்தில் விற்கும் உடுப்புகளுக்குள் மருந்து வைக்கிறார்கள், முஸ்லிம் தாய்மாரே கவனம், எல்லோருக்கும் அனுப்புங்கள். யார் அதை மொழிபெயர்த்துத் திருப்பிப் போட்டார்களோ தெரியாது. குண்டசாலையிலிருந்து புறப்பட்ட பயம் எங்கெல்லாமோ அலைந்து, மற்றப் பக்கத்துப் பயமாக மாறி, அக்குறணை ஒழுங்கைக்குள் வந்து சேர்ந்திருந்தது.

தொலைபேசி அடித்தது.

"புள்ள, இது எங்கட சட்டதானே? கழுத்துப் பட்டி எங்கட."

"ஆமா தாத்தா."

"உள்ளுக்கு என்னத்த வெச்சீங்க?"

பொட்டலத்தைப் பற்றி அன்றைக்கே அவரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அவர் அதைக் கண்ணால் கண்டதில்லை. பொதி கட்டுவது எப்போதும் என் வீட்டில்தான். இப்போது அவர் மகள் அந்த ஐந்து சட்டைகளையும் அலுமாரியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டாளாம்.

"மழைக்குப் போடுறது தாத்தா. அன்னைக்குச் சொன்னேன்ல."

"எனக்கு வெளங்கும் புள்ள." பின்னால் ஓர் ஆண் குரல் ஏதோ சொன்னது. "மருமகன்தான் கேக்கிறார். கட ஒடஞ்ச பொறகு அவருக்கு எல்லாத்திலயும் சந்தேகம். ஏலுமெண்டா ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்க."

அன்றைக்கு அனுப்பவேண்டிய பொதிகள் மேசையில் இருந்தன. பதில் சொல்லாத செய்திகள் இன்னும் இருந்தன. கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்ப யாருக்கு?" என்றாள்.

"தாத்தாவுக்கு," என்றேன்.

மாத்தளை வீதி பஸ்ஸில் இருக்கை கிடைக்கவில்லை. தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால், இது சத்தம் போடும், பயப்பட வேண்டாம் என்று இந்த முறை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அக்குறணை வரை நின்றபடி போனேன்.