அத்தை பிடுங்கிய கறிவேப்பிலை

டெல்லிக் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸின் பின்வாசலில் அம்மா அதை வளர்த்துக் காட்டினாள். மார்கழி பிறந்தால் எனக்கு ஸ்வெட்டர் மாட்டுவதற்கு முன்பே செடிக்குச் சாக்குப் போர்த்திவிடுவாள். நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். செடிக்கு இறால் கழுவிய தண்ணீரை ஊற்றி, உரித்த ஓட்டையும் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். தெருவில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் தாளிக்க இலை கேட்டு எங்கள் கதவைத்தான் தட்டும். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்பாவின் தங்கை எங்களோடு தங்கிக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இறால் ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் வேகவைத்து, மிஞ்சுகிற வெள்ளைச் சில்லுகளைக் கொண்டு தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகத்தைப் பிடிப்பதுதான் அத்தையின் படிப்பு. கல்யாண வயதில் இதென்ன படிப்பு என்று அப்பாவுக்கு மனத்தாங்கல். இந்தப் படிப்பால் வீட்டில் ஒரு தொந்தரவு வந்தாலும் அவளை ஊருக்கு ரயிலேற்றிவிடுவேன் என்று சொல்லிவைத்திருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்த ஒரு மார்கழி விடுமுறையில், முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீரை அத்தை பாட்டிலில் வீட்டுக்கே கொண்டுவந்தாள். மயில்துத்தம் கரைத்ததுபோல் நீலமாக இருந்தது. சில்லுகளைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்குள் நீலம் வெளுத்துத் தண்ணீர் தெளிந்தது.

“கர்த்தர் கிருபை! எவ்வளவு சுத்தமா ஆயிட்டு!” என்றாள் அம்மா.

வடிகட்டிய சில்லுகளைப் பேப்பரில் உலரப் போட்டுவிட்டு அத்தை குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பேப்பர் காலி.

“மயினி, இங்க வச்சிருந்த ஓடு எங்க?”

“வீணாப் போகுதேன்னு கருவேப்பிலைக்குப் போட்டுத் தண்ணி ஊத்திட்டேன்ட்டி.”

அத்தையின் முகம் செத்துவிட்டது. ஓடிப்போய்ச் செடியை வேரோடு பிடுங்கினாள். அடிமண்ணைத் தோண்டித் தோண்டிப் பழைய எண்ணெய் டின்னில் போட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“பாவி, உன் படிப்பு கெட்டதுக்கு என் செடியப் பழிவாங்குதியா?”

“தண்ணியில இருந்த விஷம் எங்கயும் போகல மயினி. அந்த ஓட்டுலதான் இருக்கு. மண்ணுல இறங்கி இலைக்கு வந்துட்டா? இந்தத் தெருவே இதத்தான திங்குது.”

“சுத்தம் பண்ணுத ஓடு எப்படிட்டி விஷமாகும்?”

அம்மாவின் கேள்வி எனக்கு நியாயமாகப் பட்டது. அத்தை தோண்டுவதை நிறுத்தவில்லை. வேரோடு கிடந்த செடியை அம்மா பார்த்தாள். பிறகு அவளும் குனிந்து மண்ணை அள்ளத் தொடங்கினாள்.

சாயங்காலம் அப்பா வந்து, “செடி எங்க?” என்று கேட்டார். அத்தை வாய் திறக்கப் போனாள்.

“பனியில பட்டுப்போச்சு. நான்தான் பிடுங்கிப் போட்டேன்” என்றாள் அம்மா.

மறுநாள் இலை கேட்டு வந்த எதிர்வீட்டு மாமியிடமும் அதையே சொன்னாள். “ஒழுங்காப் போர்த்தியிருக்கணும். அச்சா, டெல்லியில செடி வளக்க எல்லாருக்கும் வருமா?” என்று மாமி சொல்லிவிட்டுப் போனாள். வேறு நாளாக இருந்தால் அம்மா அவளைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். அன்று தலையைக் குனிந்துகொண்டு, “எனக்குக் கைராசி இல்ல” என்றாள்.

பொய் சொன்னால் நரகம் என்று என்னை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பிய அம்மா, வாய் கூசாமல் ஊர் முழுக்கப் பொய் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. செடி போன துக்கத்தில் அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். மாமி போனதும் அத்தை அடுப்படிக்குள் வந்து, அம்மாவின் தோளில் முகம் புதைத்து ஏன் அப்படித் தேம்பினாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.