தானாகச் செத்த எலிகள்

தானியக் கிடங்கில் எலி பிடிப்பவருக்குத் ‘தளபதி’ என்று பட்டம் கொடுத்தது அவருடைய அக்காதான். ஆள் அவ்வளவு ஒல்லி. பலமாகத் தும்மினால் நாலடி பின்னால் போய் நிற்பார். மீசை மட்டும் மூட்டை தூக்குகிறவர்கள் துண்டு காயப்போடும் நீளம். அம்மா போனபிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் இருவருமே தனிக்கட்டையாக நின்றுவிட்டார்கள். அதே கிடங்கின் மூலையில் கிழிந்த சாக்குகளைத் தைப்பது அவள் வேலை. அந்தக் குவியல்தான் அவளுக்குச் சிம்மாசனம்.

அந்த வருஷம் மழை விட்டதும் எலிகள் பட்டப்பகலில் நடுத்தளத்துக்கு வந்து, குடிகாரர்கள் மாதிரி தள்ளாடி விழுந்து செத்தன. மேலாளர் ஓடிவந்து தளபதியின் முதுகில் தட்டினார்.

“என்னய்யா மருந்து வச்ச? வம்சத்தையே முடிச்சிட்டியே!”

“கைப்பக்குவம் சார். எங்க தாத்தா காலத்துலேர்ந்து வருது.”

தாத்தா தையல்காரர். ஆனால் அந்த நேரத்தில் யார் போய் விசாரிப்பது?

எலி பிடிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விழுந்த எலியை உடனே தொடமாட்டார்கள். செத்த மாதிரி கிடந்து கடித்து வைக்கும் என்பதால், உடம்பு சில்லிடும்வரை காத்திருப்பார்கள். தளபதியும் காத்திருந்தார். எலியின் மயிருக்குள் இருந்த தெள்ளுப்பூச்சி காத்திருக்கவில்லை. எள்ளில் பாதிகூடத் தேறாத அந்தப் பூச்சிக்குச் சூடான ரத்தம் வேண்டும். எலி குளிர்ந்ததும், அதன் நோயையும் வயிற்றில் சுமந்துகொண்டு, பக்கத்துச் சாக்குக் குவியலுக்குத் தாவியது.

“டேய் தளபதி, உன் எதிரிப்படை மொத்தமும் என் கால்ல கூடாரம் அடிச்சிருக்குடா. ஒரே கடி, அரிப்பு.”

“சாக்குத் தூசிக்கா. கொஞ்சம் எண்ணெய் தடவு.”

சில நாட்களில் அக்காவுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. தொடையிடுக்கில் நெறி கட்டி, கால் ஊன்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்த வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தளபதி பக்கம் திரும்பினார்.

“நீங்க வேலை செய்ற இடத்துல எலிங்க ஏதாவது தானா செத்துச்சா?”

“தானாவா? நல்லாக் கேட்டீங்க போங்க! அத்தனையும் என் மருந்துல செத்ததுங்க.”

டாக்டரம்மாவின் சந்தேகம் அதோடு போயிற்று. காலில் சாக்கு தைக்கும் ஊசி குத்திச் சீழ் வைத்திருக்கும் என்று எண்ணி, அதற்கான மருந்தைக் கொடுத்தார்.

மறுநாள் தளபதி புது எலிமருந்து உருண்டைகளோடு கிடங்குக்குப் போனார். மூட்டைகளுக்கு அடியில் பழைய உருண்டைகள் பூஞ்சை பூத்து, வைத்தது வைத்தபடி கிடந்தன. ஒன்றிலாவது ஒரு பல் தடம்? குப்புறப் படுத்து, கையைவிட்டுத் துழாவி எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார். இல்லை. ‘அப்படின்னா எதுல செத்துச்சு?’ என்று அவர் வாய்விட்டுக் கேட்டதற்குப் பதில் சொல்ல அங்கே ஒரு எலிகூட மிச்சமில்லை.

செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். “பொய் சொல்லிட்டேன் டாக்டரம்மா, நான் கொல்லல” என்று வராந்தாவிலேயே கத்தினார். எலியிலிருந்து வந்த பிளேக் நோய் என்று தெரிந்ததும் மருந்து உடனே மாறியது. கிடங்குக்குப் பூச்சிப் பொடியோடு ஆட்கள் போனார்கள். அங்கே வேலை செய்த எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் அக்காவின் ரத்தத்தில் நோய் அதற்குள் முழுதாக இறங்கியிருந்தது.

“அக்கா, அந்த எலியில ஒண்ணைக்கூட நான் கொல்லலைக்கா.”

“எனக்குத் தெரியாதாடா? நீ பிசைஞ்சதை எந்த எலி வாயில வைக்கும்?”

சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பிழைத்தார்கள். துக்கம் கேட்க வந்தபோது, “நீங்க ஓடிப்போய்ச் சொன்னதாலதான் அண்ணே நாங்க இருக்கோம்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தளபதி கையை மெல்ல உருவிக்கொண்டார்.

“அக்கா பிழைக்கணும்னா முந்தின நாளே சொல்லியிருக்கணும்ப்பா.”