வெள்ளிக்கிழமை வந்த பிரியாணி

என் அண்ணனின் ஞானஸ்நானச் சான்றிதழில் அவன் பிறந்தது ஆகஸ்ட் மாதம் என்று இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் அதே ஆண்டு ஜனவரி. இரண்டின் நகல்களும் என்னிடம் உள்ளன. சீக்கிரம் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பல வீடுகளில் செய்த திருத்தம்தான் இது, யாருக்கும் நட்டமில்லை. ஒரே ஒரு மதியம் மட்டும் அது பெரிய விவகாரம் ஆனது.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளி. ஆண்டைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு, அண்ணன் ஒன்பதாவது படித்தபோது என்பது வரை நிச்சயம்.

எங்கள் பள்ளி மாதா கோயில் வளாகத்திலேயே இருந்தது. மதியச் சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகளுக்குப் அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த பெண்கள் சமைத்துப் போட்டார்கள். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள்; ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது அது கோயிலுக்கு வந்துவிடும். பெரிய மார்க்கெட் காய்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கத்தரிக்காயோ பூசணியோ கொடுத்தார்கள். சமையலுக்குத் தலைமை என் பெரியம்மா. அவருக்குக் கூடமாட அம்மா. நானும் அண்ணனும் அந்தப் பந்தியில்தான் சாப்பிட்டோம்.

மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருந்த பாய்க்கு இதில் ஒரு மனக்குறை. காய்க்காரர்களிடம் மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள், தன்னிடம் வாய்திறந்து கேட்கவில்லையே என்று. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், ஒரு தேக்சா நிறைய மட்டன் பிரியாணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். நல்ல காரியத்தை நல்ல நாளில் செய்ய வேண்டும் என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்திருந்தார்.

எங்களுக்கோ தவக்கால வெள்ளியில் கறி ஆகாது. அன்றைக்குக் கஞ்சியும் துவையலும்தான். பாய் மூடியைத் திறந்ததும் பந்தியில் எல்லாத் தலையும் தேக்சா பக்கம் திரும்பியது.

“புள்ளைங்க சாப்ட்றத ஒரு கண்ணு பாத்துட்டு ஜும்மாவுக்குப் போயிட்றேம்மா,” என்றார் பாய்.

பெரியம்மா கரண்டியும் கையுமாக நின்றார். பாதிப் பிள்ளைகள் இந்துக்கள், அவர்களுக்குத் தடையில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பசித்த பிள்ளைகளில் ஒருவனுக்குப் பிரியாணியும் ஒருவனுக்குக் கஞ்சியும் எப்படிப் போடுவது? திருப்பி அனுப்பினாலோ, பாய் மனசு என்ன ஆகும்?

“சாமிய கூட்டிட்டு வாடி,” என்று அம்மாவின் காதில் சொன்னார்.

பங்குச் சாமியார் வந்தார். வாசனையிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “பதினாலு வயசு ஆவாதவங்களுக்கு இந்தக் கட்டளை கெடையாது. போடுங்க,” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியம்மா வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்து அண்ணன் முன்னால் நின்றார். அந்தப் பந்தியில் அவன்தான் மூத்தவன்.

“இவனுக்குப் பதினாலு முடிஞ்சிடுச்சே. ஸ்கூல்ல அப்பிடித்தான இருக்கு?”

அண்ணன் வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைமையாசிரியை சிஸ்டர் பக்கத்தில் நிற்பதையும் மறந்து அம்மா பதறினாள்: “இல்லக்கா, அவன் ஆடியில பொறந்தவன். ஸ்கூல்ல சேக்கறதுக்காக வயச ஏத்திச் சொன்னோம்.”

சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் காதுல விழல. அவனுக்குப் போடுங்க, ஆறிடப்போவுது.”

“சின்னப் பையா, மெதுவா தின்னுடா,” என்று பக்கத்திலிருந்தவன் சீண்டினான். அண்ணனுக்குக் கோபப்பட நேரமில்லை. மறுபடி தட்டை நீட்டிக்கொண்டிருந்தான்.

பாய் பந்தி முழுக்க நடந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு சமையல்காரப் பெண்கள் ஒதுங்கி நின்ற இடத்துக்கு வந்தார்.

“நீங்க யாரும் வாயில வெக்கலியேம்மா. நல்லா இல்லியா?”

இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அன்று எங்களுக்குக் கறி ஆகாது என்பது அவருக்கே விளங்கியிருக்கும். பெரியம்மா சட்டென்று தேக்சாவில் கைவிட்டு ஒரு துண்டுக் கறியை எடுத்து, எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினார்.

“உப்பு ஒரப்பு எல்லாம் கச்சிதம், பாய். கறி பஞ்சா வெந்திருக்குது.”

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிம்மதியாகத் தொழுகைக்குப் போனார்.

தவக்கால வெள்ளியில் முட்டையைக்கூட வீட்டுக்குள் விடாதவர் பெரியம்மா. பாவம், வாசனையைத் தாங்க முடியாமல் தின்றுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றுவது என் கடமை என்றும் தீர்மானித்தேன். மறுநாள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் மண்டியிட்டபோது முன்பெஞ்சில் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். முணுமுணுப்புதான் கேட்டது. அபராத ஜெபமாக என்ன கொடுத்தார்களோ, வழக்கத்தைவிடச் சீக்கிரமே எழுந்து வந்துவிட்டார்.

அந்த ஒரு வாய்க் கறியை அவர் பாவமென்று சொன்னாரா, சொல்லவே இல்லையா? சாமியாரைக் கேட்கக் கூடாது; பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே சொல்ல மாட்டார். பெரியம்மாவைக் கேட்டால், “போய் வேலயப் பாரு” என்கிறார். ஆகவே இது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.