மடியில் இரண்டு வாட், இடுப்பில் பாப்பா: தென்காசிக்கு ஒரு நாள்

போனது ஆடி முதல் வாரத்தில், குற்றாலத்தில் நல்ல சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது. எழுதுவது ஆவணி பாதி போன பிறகு. ஒன்றரை வயதுப் பிள்ளையை வைத்திருப்பவர்கள் இந்தத் தாமதத்தை மன்னிப்பார்கள்.

பாப்பா வயிற்றில் இருந்தபோது நான் கட்டிய வால்வ் ஆம்ப்ளிஃபயர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் பலம் வெறும் இரண்டு வாட். என் அலமாரி ஸ்பீக்கர்களோ ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 84 டெசிபல்தான் தரும் சோம்பேறிகள். பழைய சினிமாக் கொட்டகைப் பெட்டிகள் அதே ஒரு வாட்டுக்கு 99 வரை தரும். மூன்று டெசிபல் கூட்ட வாட்டை இரட்டிக்க வேண்டும் என்பதால், அந்தப் பெட்டியில் இரண்டு வாட் என்பது என் பெட்டியில் அறுபது வாட்டுக்கும் மேல். அப்படி ஒரு ஜோடி தென்காசியில் மைக் செட் வைத்திருக்கும் பேச்சிமுத்து அண்ணாச்சியிடம் இருப்பதாக வாட்ஸப் குழுவில் படம் வந்தது.

சிக்கல் பாப்பாதான். அண்ணன் மகன் காதுகுத்தில், பந்தலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் திடீரென்று அலறியதில் நடுங்கிப் போனாள். அன்றிலிருந்து எந்தப் பெட்டியில் பாட்டு வந்தாலும் அழுகை. காதில் குறை இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் நம்பாமல் இரண்டாவது முறையும் போனேன். ஆறு மாதமாக வீட்டில் பாட்டே கிடையாது. என் கணவர் சரவணனும் நானும் பேசி வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம்: பெட்டியைக் கேட்டு பாப்பா அழுதால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும், ஆம்ப் பரணுக்குப் போய்விடும்.

மதுரையில் காலை 7.10 ரயில், தென்காசியில் 10.40. சுமார் 160 கிலோமீட்டர், ஆளுக்கு 40 ரூபாய். ஆறு கிலோ ஆம்ப் என் மடியில். அதன் கண்ணாடி வால்வுகளைக் கழற்றிப் பாப்பாவின் காலுறைகளில் போட்டிருந்ததால் அவள் வெறுங்காலோடு வந்தாள். ராஜபாளையம் வரை அவளுக்குச் சளி பிடிக்குமோ என்று கவலை. அதற்குப் பிறகு வால்வ் உடையுமோ என்று.

இறங்கியதும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "கீழப்பாவூர்ல பந்தலுக்கு செட்டு போடுதேன்மா! மூணு மணிக்கு வந்துருதேன்! அதுவரைக்கும் அருவில குளிச்சிட்டு வாங்க!" போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தும் பாப்பாவின் உதடு பிதுங்கியது. ஆளே இப்படி என்றால் பெட்டி எப்படி இருக்குமோ!

கடையிலிருந்த அவர் மனைவி இசக்கியம்மாளிடம் ஆம்பை ஒப்படைத்துவிட்டு டவுன் பஸ் ஏறினோம். எனக்கு இலவசம், சரவணனுக்குப் பத்து ரூபாய், ஆறு கிலோமீட்டர். குற்றாலத்தில் ஆட்டோக்காரர் ஒரு பார்வையிலேயே முடிவு செய்துவிட்டார்: "மெயின் அருவில கூட்டம் அம்முது. பிள்ளைய வச்சிக்கிட்டு அங்கன போகாதிய. புலியருவில விடுதேன்." நூறு ரூபாய்.

தூரத்தில் நின்று, பத்தடி நடந்து, மறுபடி நின்று மெதுவாகத்தான் அருவியை நெருங்கினோம். பாப்பா அழவில்லை. கைபேசிச் செயலி 85 டெசிபல் காட்டியபோது அவள் தண்ணீரைக் கையால் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. அவள் பயந்தது சத்தத்துக்கு இல்லை, திடீரென்று வந்ததற்கு.

மூன்றரைக்குக் கடையில் அண்ணாச்சி. இடுப்புயரப் பெட்டிகள் இரண்டு, கீழே அகலமான காகிதக் கூம்பு, மேலே குழாய். என் ஆம்பைப் பார்த்து ஒரே சிரிப்பு. "ரெண்டு வாட்டா? எம்மா, நான் கோயில் கொடைக்கு அஞ்சாயிரம் வாட் இறக்குதவன். இதுல கொசு பேட்டே எரியாதே!"

சரவணன் பாப்பாவோடு வாசலில் நிற்க, வால்வுகளை மாட்டி, பெட்டியை இணைத்து, கைபேசியிலிருந்து வீணை இசை போட்டேன். பக்கத்துத் தெருவில் யாரோ வாசிப்பதுபோல் ஒரு முனகல். "எறும்பா வாசிக்கி?" என்றார் அண்ணாச்சி. சரவணன் திரும்பும் ரயிலுக்கு நேரம் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு வருடமாகத் தப்பாகவே கணக்குப் போட்டேனா?

ஆம்பை அணைத்துவிட்டுப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே கைப்பிடி அளவில் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர்! நீளமாக வயர் இழுக்கும் மைக் செட்டுக்கு அது வேண்டும். என் ஆம்புக்கு அது அடைப்பு.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "தெரு முழுக்க வயர் இழுக்கதுக்கு எல்லாப் பெட்டிக்கும் மாட்டிருவோம்லா. பழக்கதோசம்மா!" இரண்டு பெட்டியிலும் அதை விலக்கி, வயரை நேராக ஸ்பீக்கரோடு முறுக்கிக் கொடுத்தார்.

இந்த முறை நான் பாப்பாவோடு இருபதடி தள்ளி வாசலில் நின்றேன். சரவணன் பூஜ்யத்திலிருந்து மெதுவாகத் திருகினார், அருவிக்கு நடந்த மாதிரி. வீணை கடைக்குள் வந்து உட்கார்ந்தது. ஆம், உட்கார்ந்ததுதான். குமிழ் கால்வாசிகூடத் திரும்பவில்லை.

"ஏட்டி, அந்த ஃபேனை அமத்து," என்றார் அண்ணாச்சி, கிட்டத்தட்ட ரகசியமாக. "கம்பில விரல் இழுகுத சத்தம் கேக்கு."

இசக்கியம்மாள் ஃபேனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மெதுவா பேசுங்கன்னு இருவது வருசமா சொல்லுதேன், கேக்கல. ரெண்டு வாட்டு வந்து வாயடைச்சிட்டு, பாத்தியளா!"

பாப்பா இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். என் கை தானாக நீண்டது, பிடிக்கவில்லை. தத்தித் தத்திப் போய், குழாய்க்குள் முகத்தைக் கொடுத்து "ஆ!" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி "ஆ!"

அழுதது நான். அது ஒப்பந்தத்தில் வராது என்று சரவணன் சொல்லிவிட்டார்.

ஜோடி 9,000 ரூபாய், மதுரைக்குப் பார்சல் லாரி 1,200. இதேபோல் கிளம்புகிறவர்களுக்கு: படம் பார்த்து வாங்காதீர்கள், உங்கள் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வ் ஆம்பை ஓடவிடாதீர்கள், அதன் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். சூடான வால்வ் பக்கம் பிள்ளையை விடாதீர்கள். நான் அதற்குக் கம்பிவலை கட்டிவிட்டேன். மைக் செட் பெட்டி என்றால் முதலில் பின்பலகை. பிள்ளைக்கு மாற்றுக் காலுறை கட்டாயம்.

பெட்டிகள் வந்த அன்று அண்ணாச்சி போன் செய்தார். "பத்திரமா வந்துட்டாம்மா?" வழக்கம்போல் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தேன். பாப்பா ஓடிவந்து போனைப் பிடுங்கி, அவரைவிடச் சத்தமாக "ஆ!" என்றாள்.