பெட்டிக்குள்ளிருந்து வந்த கிட்டார்

செத்துப்போன என் நண்பன் தன்னுடைய கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குள் உட்கார்ந்துகொண்டு, என்னை வாசிக்கவிடாமல் தடுக்கிறான் என்று நான் நம்பினேன். அன்று நான் குடித்திருக்கவில்லை. நேரம் பட்டப்பகல். ஐம்பதைத் தொடப்போகிறேன், தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய்க் கணக்கெழுதுகிற ஆள். இருந்தாலும் நம்பினேன், முழுசாக.

மறுநாள் அவனுக்கு முதல் வருஷப் படையல். அவன் என்னைவிட மூத்தவன் என்பதால் அவன் மனைவி எனக்கு அண்ணி. மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் லைன் வீடு. கருவாடு, போட்டி வறுவல், அவன் பிடிக்கிற சிகரெட் என்று படத்துக்கு முன்னால் வைக்க வேண்டியதையெல்லாம் அண்ணி சேர்த்துவிட்டார்.

"ஒண்ணுதான் பாக்கி தம்பி. அந்த கிட்டாரு சத்தம்" என்றார். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம், நெஞ்சுல காத்தே இல்ல, இன்னாத்துக்கு இத தூக்கறீங்கன்னு சண்ட போட்டேன். ஒரு வார்த்த பேசாம மூலையில வெச்சிட்டாரு. அப்புறம் தொடவேயில்ல. வாசிக்காமயே போயிட்டாரு, என்னால. நாளைக்கி படத்துக்கு முன்னால கொஞ்சம் வாசிங்க, போதும்."

நான் எதற்கும் ஒரு ஜோக் சொல்கிறவன். நாங்கள் ஒரே ஆர்கெஸ்ட்ராவில் இருந்தவர்கள்தான். ஆனால் அவன் கிட்டார் வாசிப்பான். அவன் அறுந்த கம்பியை மாற்றுகிறவரை ஜனங்களைச் சிரிக்க வைப்பது என் வேலை. கிட்டார் பக்கம் கை நீட்டினால், "நீ வாயால வாசிடா, அது போதும்" என்பான். அவன் அசந்த நேரங்களில் மூன்று கார்ட், அதாவது மூன்று விரல்பிடிகள், திருட்டுத்தனமாகக் கற்றுவைத்திருந்தேன். அந்த மூன்றை நம்பித்தான் சரி என்றேன்.

அண்ணி சமையலறைக்குப் போனார். நான் கிட்டார் வயரை ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பியைத் தட்டினேன். சத்தமில்லை. எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருகினேன். இல்லை.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒவ்வொன்றாக மாற்றிப் பார், பதறாதே என்றார் அதில் ஒருவர். வேறு பிளக் பாயிண்ட். கிட்டார் பையில் கிடந்த இன்னொரு வயர். பின்பக்கம் கையால் துழாவி ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன், கம்பி அறுந்திருக்கவில்லை. வயர் முனையை விரலால் தொட்டால் ஸ்பீக்கர் உறும வேண்டுமாம். தொட்டேன். உறுமவில்லை. "பெட்டிக்குள் மட்டும் கை விடாதீர்கள். கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே கரண்ட் உயிரோடிருக்கும்" என்று முடித்தார் அவர். அந்த வாக்கியத்தை நான் கேட்டிருக்கவே கூடாது.

நிமிர்ந்தால் எதிரே படத்தில் அவன். மாலைக்குள்ளிருந்து, என் கை கிட்டார் பக்கம் நீளும்போது பார்க்கிற அதே பார்வை.

இன்னொரு தடவை தட்டினேன். அப்போதுதான் அது கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து இல்லை. பெட்டியின் அடியிலிருந்து, கொசு அளவுக்கு மெலிந்து, என் கார்டையே யாரோ வாசித்தார்கள்.

தரைக்குக் கீழே என்பது எங்கள் ஊரில் சும்மா பேச்சில்லை. எங்கள் இருவரின் அப்பாக்களும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கேஜில், அந்தக் கம்பிக்கூண்டு லிஃப்டில், இறங்கிப்போன சுரங்க லெவல்கள் இப்போது தண்ணீர் நிறைந்து, இருட்டில், எங்கள் கட்டில்களுக்கு அடியில் கிடக்கின்றன. அந்த ஆழத்திலிருந்து ஒரு கிட்டார் மேலே வந்தால் இப்படித்தான் கேட்கும் என்று தோன்றியது.

நிறுத்தினேன். அதுவும் நிறுத்தியது. வாசித்தேன். அதுவும் வாசித்தது. பயத்தில் விரல் இடம் மாறித் தப்பாக விழுந்தது. கீழேயும் தப்பாக விழுந்தது. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அவன் தப்பாக வாசிக்கிற ஆளே கிடையாது.

வேறொருவனாயிருந்தால் எழுந்து ஓடியிருப்பான். நான் சுரங்கத்துக்காரன் மகன். கிட்டாரைப் பெட்டிமேல் சாய்த்துவைத்துவிட்டு, கேஜை மேலே இழுக்கச் சொல்லி அடிக்கிற மணியைச் சின்ன வயதில் அப்பா மேசையில் தட்டிக் காட்டிய அதே கணக்கில், பெட்டியை விரல் முட்டியால் தட்டினேன். காத்திருந்தேன்.

உள்ளிருந்து "டிங்" என்றது.

நான் பின்னால் சாய்ந்த வேகத்தில் ஒரு ஸ்டூல் உருண்டது. அண்ணி கரண்டியோடு ஓடிவந்தார்.

"இன்னா தம்பி, இப்பிடி வேர்த்து ஊத்துது?"

"அண்ணன் உள்ள இருக்காரு அண்ணி."

"எங்க?"

"பொட்டிக்குள்ள."

பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுக்குள்ளயா? கட்டில்லயே கால் நீட்ட எடம் பத்தாது அவருக்கு." சிரிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கோவமா இருக்காரா?"

"தெரியல அண்ணி. நான் வாசிச்சா வாசிக்கறாரு."

"வாசிங்க."

வாசித்தேன். அண்ணி பெட்டியில் காதை வைத்தார். மேலே, பக்கவாட்டில், பின்னால் என்று காதை நகர்த்தினார். பின்பலகையில் பாதி திறந்தேதான் இருக்கும். அங்கே நின்றுவிட்டார். "இங்கதான்" என்று கையை விடப் போனவரைப் பார்த்து அலறி, பிளக்கைப் பிடுங்கினேன்.

"கரண்ட் உயிரோட இருக்கும் அண்ணி!"

"இருக்கட்டும், போங்க" என்று ஓரத்தில் கைவிட்டு இழுத்தார். சுருட்டிய பழுப்புநிறக் கம்பளிக் குல்லா ஒன்று வந்தது. குல்லாவுக்குள் ஒரு ஹெட்போன். அதன் கறுப்பு வயர் பின்பலகை ஓட்டை ஒன்றில் இன்னும் சொருகியே இருந்தது. துழாவும்போது அந்த வயர் என் கையில் பட்டதுதான். அதுவும் பெட்டியின் குடலில் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

வயரை உருவினேன். பிளக்கை மாட்டிக் கம்பியைத் தட்டினேன். குமிழ்களெல்லாம் கடைசிவரை திருகியிருந்தது மறந்துபோயிற்று. தகரக் கூரை அதிர்ந்தது. நான் கத்தினேன். அண்ணி கத்தவில்லை. குல்லாவை மடியில் வைத்து உட்புறத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொலைச்சிட்டேன்னாரே இத" என்றார். "நெஞ்சுல சளி கட்டப் போவுதேன்னு நான்தான் வாங்கியாந்தேன். எத்தினி நாளு திட்டினேன் தெரியுமா?"

ஹெட்போன் சொருகியிருந்தால் அந்த ஆம்ப்பில் ஸ்பீக்கர் பேசாது. உள்ளே கிடந்த ஹெட்போன்தான் என் கார்டை மெலிதாகத் திருப்பிச் சொன்னது. பெட்டியைத் தட்டியதில் மேலே சாய்ந்திருந்த கிட்டாரின் கம்பி அதிர, அதே ஹெட்போன்தான் "டிங்" என்றது. அந்தக் குல்லா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாங்கியது. என் நண்பன் வாசிப்பதை நிறுத்தவே இல்லை. அண்ணி தூங்கிய பிறகு, ஹெட்போனில், அவருக்குக் கேட்காமல் வாசித்திருக்கிறான்.